கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

பிரசவ அறையில் கத்துகிற பெண்ணை எங்களுக்குப் பிடிக்காது. மறைக்காமல் சொல்லுங்கள் பிள்ளைகள், பிடிக்காதுதானே? கத்துகிறவளை அதட்டுகிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பவளைப் பார்த்து, "இவளெல்லோ கெட்டிக்காரி" என்று மற்றக் கட்டில்களுக்கும் கேட்கும்படி சொல்கிறோம். நானும் அப்படிச் சொன்னவள்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மருத்துவிச்சியாக வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி நெடுந்தீவில்.

புதிதாக வேலைக்கு வரும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். தொப்புள்கொடி வெட்டுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகவே உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் எழுதப்போவது என் மகளைப் பற்றி. வேலையைப் பற்றிக் கேட்டால் மனுசி வீட்டுக்கதை அளக்கிறாளே என்று முகத்தைச் சுளிக்கவேண்டாம். இந்த வேலையில் என் மிகப் பெரிய பிழையை நான் வேலையில் செய்யவில்லை, வீட்டில்தான் செய்தேன். அதனால் வீட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

வதனி எங்களுக்கு ஒரே பிள்ளை. என் கணவர் அப்போது தீவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே அவளைத் தூக்கும்போது என் கைக்கு ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தூக்கிய கை இது. மற்றக் குழந்தைகள் தூக்கினால் உடம்பை ஒடுக்கிக்கொள்ளும். இவள் நனைந்த துணி மாதிரி கையிலிருந்து வழிந்தாள். மெலிந்த பிள்ளை, தேறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதையே இன்னொருத்தியின் பிள்ளையில் கண்டிருந்தால் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பேன்.

நடப்பதற்கு இரண்டு வயது தாண்டியது. நடந்தபோது முழங்கால் பின்பக்கமாக வளைந்தது. கைப் பெருவிரலை மடக்கினால் அது முன்கையில் போய் ஒட்டும். அக்கம்பக்கத்துச் சனங்களுக்கு அது வேடிக்கை. "எங்கை பிள்ளை, விரலை மடக்கிக் காட்டு பாப்பம்" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே காட்டுவாள். நானும் நின்று சிரித்திருக்கிறேன்.

முதல் தடவை அவளுடைய தோள் கழன்றது இறங்குதுறையில். அவளுக்கு ஐந்து வயது. தீவுகளில் வேலைக்குப் போகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். வள்ளத்தில் ஏறுவதும் இறங்குவதும் எங்கள் பக்கத்தில் ஒரு தனி வித்தை. கடல் அடிக்கும்போது வள்ளம் மேலும் கீழுமாக ஆடும். வள்ளக்காரர் ஒரு காலை விளிம்பில் வைத்துக்கொண்டு, உங்கள் மணிக்கட்டைப் பிடித்து, அலை உயர்த்துகிற நேரம் பார்த்து ஒரே இழுப்பாக மேலே எடுத்துவிடுவார். வயது போனவர்கள், கர்ப்பிணிகள், மூட்டை முடிச்சு, எல்லாம் அப்படித்தான். எங்கள் வள்ளக்காரர் சவிரி அண்ணை அதில் விண்ணர். அவருடைய கையில் யாரும் கடலில் விழுந்ததில்லை. அன்றைக்கு அவர் வதனியின் இடது கையைப் பிடித்து இழுத்தார். பிள்ளை வீரிட்டுக் கத்தினாள்.

"அம்மா, கை கழண்டு போச்சு!"

சட்டைக்கு மேலால் தடவிப் பார்த்தேன். தோள் உருண்டை இருக்கவேண்டிய இடம் பள்ளமாகக் கிடந்தது. சவிரி அண்ணை முகம் வெளிறிப்போய் நின்றார்.

"நான் பலமா இழுக்கேல்லை, அம்மா. அந்தோனியார் அறிய நான் பலமா இழுக்கேல்லை."

அவரில் பிழையில்லை. எல்லாரையும் இழுப்பது போலத்தான் இழுத்தார். இவள் எல்லாரையும் போல இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கரையில் இறங்கி, பிள்ளையையும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு குழியில் பஸ் விழுந்து எழும்பியது. 'டொக்' என்று ஒரு சத்தம். தோள் தானாகவே உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னும் இரண்டு தடவை இதே கதை. ஆஸ்பத்திரிக்குப் போக வள்ளம் ஏறவேண்டும், வள்ளம் ஏறினால் தோள் கழலும், ஆஸ்பத்திரியை அடையுமுன் அது தானாகப் பொருந்திக்கொள்ளும். காட்டுவதற்குக் காயமில்லை, வீக்கமில்லை. அழுது களைத்த ஒரு பிள்ளையும் அதன் தாயும் மட்டும்தான்.

மூன்றாம் தடவை டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. வெளியே இன்னும் ஐம்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீர் ஒரு மருத்துவிச்சி. உமக்கு நான் சொல்லித் தரவேணுமோ? எலும்பு வடிவா இருக்கு. கூப்பிட்ட உடனை தாய் வேலையை விட்டிட்டு ஓடி வாறா எண்டு பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. கணக்கெடுக்காமல் விடும். தானா நிண்டிடும்."

"ஓம், டொக்டர்" என்றேன்.

அந்த "ஓம்" எங்கள் வாயில் எவ்வளவு சுலபமாக வரும் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளைச் சேலையோடு மேசைக்கு முன்னால் நின்றால் வேறு சொல் வராது. ஆனால் பயத்தால் மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளை நடிக்கிறாள் என்றால் பிள்ளைக்கு நோய் இல்லை. எந்தத் தாய்க்குத்தான் அப்படி ஒரு சொல் இனிக்காது? பள்ளமாகக் கிடந்த தோளைத் தடவிப் பார்த்தது இதே கைதான். அந்தக் கையை நம்பாமல் அந்த மேசையை நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். ஒரு பேறுகாலத்துக்கு அழைப்பு வந்து, காலையில் பையை எடுத்துச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு நின்றேன். வதனி வந்து சேலையைப் பிடித்தாள்.

"அம்மா, நோகுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒருத்தி உண்மையான நோவில் கிடக்கிறாள், இங்கே இது.

"இனிமேல் நோகுது எண்டு என்னட்டை வரக்கூடாது. கேட்டுதோ?"

பிள்ளை சேலையை விட்டாள். "ஓம் அம்மா" என்றாள். என்னைப் போலவே சொன்னாள். நான் சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருடம். டொக்டர் சொன்னது சரிதான் என்று கணவருக்குச் சொன்னேன். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன், போய்ப் பொங்கினோம். வள்ளத்தில் ஏறும்போது சவிரி அண்ணை அவளைக் கையில் பிடிக்காமல் இடுப்பில் பிடித்து மீன்கடகம் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். நானே மறந்துவிட்டேன், அந்த மனுசன் மறக்கவில்லை. கோயில் வீதியைச் சுற்றும்போது வதனி என் கையைப் பிடிக்காமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளர்ந்த பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஐந்து வருடம் இப்படிப் போனது.

ஒருநாள் கிளினிக் வேளைக்கு முடிந்து மத்தியானத்துக்கு முன்பே வீடு வந்தேன். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். குசினிக்குள் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். வதனி தரையில் இருந்தாள். ஒரு முழங்காலை மடித்து, அதைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தாள். பின்னல் நுனியிலிருந்த ரிப்பனை வாயில் கடித்திருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பஸ்ஸில் கேட்ட அதே 'டொக்'. ரிப்பனை வாயிலிருந்து எடுத்தாள், முகத்தைப் பாவாடையில் துடைத்தாள், எழும்பித் திருவலையில் குந்தி, விட்ட இடத்திலிருந்து தேங்காய் துருவத் தொடங்கினாள்.

பதினொரு வயதுப் பிள்ளை. டொக்டர்மார் இரண்டு பேர் பிடித்து இழுத்துச் செய்கிற வேலையைத் தனியாகச் செய்துவிட்டுத் தேங்காய் துருவினாள். நான் குசினிக்குள் போனேன்.

"வதனி, உது எப்ப துவங்கினது?"

அவள் திடுக்கிட்டுப் போனாள். களவு பிடிபட்டது மாதிரி.

"நிண்டதே இல்லையம்மா."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பிள்ளைகள், நான் அன்றைக்கு அழுததை இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. துருவின தேங்காய்ப்பூ முழுக்க உப்பாகிப் போகுமட்டும் அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவினாள், வலது கையால்.

பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். தோள் மட்டுமல்ல. முழங்கால் சில்லு விலகும். விரல்கள் எழுதும்போது பின்னால் மடங்கும். தாடை கூடச் சில நாட்களில் கொழுவிக்கொள்ளும். நோகும்போது அவள் இடது கைப் பெருவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடித்து மூடிக்கொள்வாள். அது ஒன்றுதான் வெளியே தெரிகிற அடையாளம். இனி நோகுதெண்டால் சொல்லவேணும் என்று கெஞ்சிக் கேட்டேன். "ஓம் அம்மா" என்றாள். ஆனால் சொல்லவில்லை. சொல்லும் பழக்கத்தை நான் ஒரு காலையில் நிறுத்திவிட்டேன். அதைத் திரும்பத் தொடக்கி வைக்க எனக்குத் தெரியவில்லை. எனவே பெருவிரலைப் பார்த்துக்கொண்டே வாழப் பழகினேன்.

மருந்து தேடி அலைந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஒரு பெரிய டொக்டர் இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். பிறப்பிலேயே மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் தளர்வு, தோளை வெட்டித் தைக்கலாம், ஆனால் நிற்கும் என்று சொல்ல ஏலாது, தோளைக் கட்டினால் நாளைக்கு முழங்கால் அவிழும் என்றார். குறைந்தபட்சம் அவர் பிள்ளை நடிக்கிறாள் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிட்டேன்.

ஊர்காவற்துறைப் பக்கம், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற ஒரு முறிவு நெரிவுப் பரியாரியார் இருந்தார். மிகவும் வயதானவர். எனக்கு அப்படியான வைத்தியத்தில் நம்பிக்கையில்லை, கணவரின் ஆக்கினை தாங்காமல் போனேன். பச்சிலை அரைத்துப் புக்கை கட்டுவார், எண்ணெய் தருவார் என்று நினைத்தேன். அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. எதிரே ஒரு கதிரையில் இருத்தினார்.

"உன்ர தோளைப் பற்றி இஞ்சை ஆருக்கு வடிவாத் தெரியும்? எனக்கோ, அம்மாவுக்கோ, உனக்கோ?"

வதனி என்னைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு" என்றாள்.

"அப்ப நீ சொல்லு. நான் கேக்கிறன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். எந்தப் பக்கம் திரும்பினால் கழலும், மழைநாளில் எப்படி, வாளி தூக்கினால் எப்படி, எப்படிச் சாய்ந்தால் உள்ளே போகும் என்று. என் பிள்ளை அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. மனுசன் இடையில் ஒரு சொல் பேசவில்லை. கடைசியில் அவள் முழங்காலைக் கட்டிப் பின்னால் சாயும் விதத்தைச் செய்து காட்டச் சொல்லி, தானும் தரையில் இருந்து செய்து பார்த்தார்.

"உவ என்னிலும் கெட்டிக்காரி, அம்மா. என்னட்டை இதுக்கு மருந்தில்லை. பொய் சொல்லி எண்ணெய் தரலாம், தரமாட்டன். கட்டிப்போட்டு வைக்காதேங்கோ. கட்டினா சதை வத்தும், சதை வத்தினா இன்னும் கழலும். சின்ன வாளியாக் குடுத்துத் தண்ணி அள்ள விடுங்கோ. வேறை என்ன, கேட்டுக்கொண்டு இருங்கோ."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மருந்துக்குப் போனால் காதைக் கொண்டு வந்து தருகிறார். ஆனால் திரும்பி வரும்போது வதனி வழி முழுக்க வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கேட்டுக்கொண்டு இருக்கச் சொன்னாரே, அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை. பயத்தில் அவளை எதையும் தொடவிடாமல் வைத்தேன். கிணற்றடிக்குப் போகாதே, வலைப்பந்து விளையாடாதே, பாயைச் சுருட்டாதே. ஒருநாள் அவள் கையிலிருந்த சின்ன வாளியையும் பிடுங்கினேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னோடு சண்டைக்கு வந்தாள்.

"நோகும் எண்டு தெரிஞ்சுதான் அள்ளுறன் அம்மா. சும்மா இருந்தாலும் நோகும். நோகாத வேலை எண்டு எனக்கு ஒண்டுமில்லை. அப்ப நான் செத்த ஆள் மாதிரிக் கிடக்கிறதோ?"

வாளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் பெரியபிள்ளையான பிறகு வள்ளத்தில் ஒரு சிக்கல் வந்தது. வளர்ந்த பெண்ணை ஒரு ஆண் இடுப்பில் பிடித்துத் தூக்கலாமா? துறையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கையைப் பிடிப்பதுதான் மரியாதை, கையைப் பிடித்தால் தோள் போய்விடும். நானும் கணவரும் இதற்கு ஒரு வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற நாளில், சவிரி அண்ணை விளிம்பில் வந்து முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"நான் உன்னைப் பிடிக்கமாட்டன் பிள்ளை. நீ என்ரை தோளைப் பிடி. உனக்கு எப்ப ஏறேலுமோ அப்ப ஏறு. நான் அசையாமல் நிக்கிறன்."

அவள் வலது கையை அவர் தோளில் ஊன்றி, இரண்டு அலையைப் போகவிட்டு, மூன்றாவதில் தானே ஏறினாள். வள்ளத்தில் இருந்தவர்கள் சுணங்குகிறதே என்று முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். நீங்கள் ஒரு கர்ப்பிணியைக் கட்டிலில் ஏற்றும்போது இந்த மனுசனை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிடித்து ஏற்றுகிறோம். அவளே எங்களைப் பிடிக்க விட்டுவிட்டு நின்றால் அரை நிமிடம்தான் கூடச் செல்லும்.

வேலையில் இந்தக் கேட்கும் பழக்கம் எனக்கு ஒரு தடவை உதவியது. இரண்டாவது பிள்ளைக்காக ஒருத்தி நோவில் கிடந்தாள். நான் சோதித்துப் பார்த்ததில் எல்லாம் ஒழுங்கு. வயிறு மட்டும் கொஞ்சம் இறுக்கம், நோவில் இருப்பவளுக்கு இருக்கக்கூடியதுதான். "இது அந்த நோ இல்லையம்மா, வேறை நோ" என்றாள் அவள். "முதல் பிள்ளைக்கும் உப்பிடித்தான் ஆர்ப்பாட்டம்" என்றார் மாமியார். கடல் அன்றைக்கு நல்ல கொந்தளிப்பு. வள்ளம் விடச் சொன்னால், ஒன்றுமில்லாததற்குப் பத்துப் பேரின் உயிரை வைத்து விளையாடினாள் என்று ஊர் என்னைத் திட்டும். பழைய நான் என்றால் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பேன். அவளுடைய கையைப் பார்த்தேன். பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "வள்ளத்துக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

கரைக்குப் போகுமுன் உள்ளுக்குள்ளே இரத்தம் பெருகிவிட்டது. தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இறந்தே பிறந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று சொன்னார்கள். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். என் மகளின் ஐந்து வருடத்தைக் கொடுத்து வாங்கிய புத்தி அது என்று யாருக்குச் சொல்வது?

வதனிக்குச் சம்பந்தம் வந்தபோது மூட்டுக் கதையை மூடி மறைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க வந்த வாத்தியாரிடம் நேருக்கு நேராக, "எனக்கு மூட்டுகள் கழலும், பிள்ளை தூக்க ஏலுமோ தெரியாது" என்று சொல்லிவிட்டாள். அவர் போய்விட்டார். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்து, "கழண்டால் நான் என்ன செய்யவேணும் எண்டு காட்டித் தாரும்" என்று அவளிடம் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரைக் கட்டினாள்.

அவளுக்குப் பேறுகாலம் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. கரையில் ஒரு ஆஸ்பத்திரி. எதென்று சொல்லமாட்டேன், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். போகும் வழி முழுக்க அவளைப் போட்டு நச்சரித்தேன்.

"உள்ளை போன உடனை முதல் வேலையாச் சொல்லு. கையைப் பிடிச்சுத் தூக்கவேண்டாம் எண்டு சொல்லு. நோகுதெண்டால் வாயைத் திறந்து சொல்லு. சொல்லுவியோ?"

"சொல்லுறன் அம்மா."

"சத்தியமாச் சொல்லு."

"சத்தியமா."

உள்ளே கொண்டு போனார்கள். சொந்தக்காரர் வெளியே நிற்கவேண்டும் என்பது சட்டம். நானும் அந்தச் சட்டத்தை எத்தனையோ தாய்மாருக்குக் காட்டியவள். மருமகனோடு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். காலை போய் மத்தியானம் வந்தது. மத்தியானம் போய்ப் பின்னேரம் ஆகியது. ஒரு இளம் நேர்ஸ் வெளியே வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, உங்கடை மகள் தங்கம். இவ்வளவு நேரமும் ஒரு சத்தமில்லை. மருத்துவிச்சி வளத்த பிள்ளை எண்டால் உப்பிடித்தான் இருக்கவேணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். அந்த ஒரு கணம் கழிய, அவள் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. ஒரு சத்தமில்லையாம். வாங்கை விட்டு எழும்பி, சட்டத்தையும் அந்த நேர்ஸ் பிள்ளையையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வதனி கண்ணை மூடிக் கிடந்தாள். போர்வைக்கு வெளியே இடது கை. பெருவிரல் உள்ளே மடங்கி, நான்கு விரல்களும் அதை மூடியிருந்தன. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. தோளைத் தொட்டேன். பள்ளம்.

"எப்ப பிள்ளை கழண்டது?"

"காலமை. கட்டில்லை ஏத்தேக்கை."

"ஐயோ, நீ சத்தியம் பண்ணினனியெல்லே. ஏன் சொல்லேல்லை?"

கண்ணைத் திறந்து பார்த்தாள். குசினியில் பார்த்தது போலவே பார்த்தாள்.

"சொன்னனான் அம்மா. ஏத்த முந்தியும் சொன்னனான். கழண்ட பிறகும் சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான். அது பிள்ளைப்பேறு நோ, பொறும் எண்டினம். பிறகு விட்டிட்டன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இந்த முறை நான் சொன்னனான்."

முதுகைக் கொடுத்துக் குனிந்தேன். "என்னைப் பிடி" என்றேன். வலது கையால் என் தோளைப் பிடித்து எழும்பி இருந்தாள். நோவுக்கும் நோவுக்கும் இடையில் அவள் சொல்லச் சொல்ல, கழன்ற இடது கையை நான் உள்ளே போட்டேன். அன்று பொழுதுபடுவதற்குள் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல பிள்ளை.

கை மட்டும் பழையபடி வரவில்லை. அவ்வளவு நேரம் நரம்பு நசுங்கிக் கிடந்தது. இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது யாராவது அவள் மடியில் வைத்துவிடவேண்டும்.

அந்த இளம் நேர்ஸ் பிறகு என்னிடம் வந்து நின்றாள். அழுதாள். நான் என்ன சொல்லிக் கிழிக்கப்போகிறேன் என்று வாட்டு முழுவதும் பார்த்தது. என் வாய் எப்படியானது என்று பலருக்குத் தெரியும். என்னால் ஏச முடியவில்லை. மேசைக்கு முன்னால் "ஓம், டொக்டர்" என்று நின்றவளும், சைக்கிளில் ஏறிப் போனவளும் என் கண்ணுக்கு முன்னால் நின்று அழுதால் எப்படி ஏசுவது? "என்னட்டை அழாதையும். உள்ளை போய் அவளிட்டை, இப்ப எங்கை நோகுது எண்டு கேளும்" என்றேன். போனாள். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. அவளுடைய பெருவிரலை நான் இன்னும் மடக்கிப் பார்க்கவில்லை. பயம். வதனி பார்த்திருப்பாள், நான் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை "நோகுது" என்றால், எறும்பு கடித்ததாக இருக்கட்டும், வெறும் செல்லமாக இருக்கட்டும், வதனி கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு முழங்காலில் இருப்பாள். அந்த முழங்காலும் நோகும். "எங்கை, காட்டு" என்பாள். ஒரு தடவையாவது ஒன்றுமில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

போன கிழமை நான் கதிரையிலிருந்து எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயது போனால் வருகிற நோ. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. உலை வைத்துக்கொண்டிருந்தவள் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து என் முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"எங்கை அம்மா நோகுது?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் அவசரப்படவில்லை, அப்படியே இருந்தாள்.